ரெண்டு தியேட்டர் ஸ்டாப்

போன மாதம் எங்கள் தெருப் பலசரக்குக் கடையில் பருப்பு வாங்க நின்றிருந்தேன். கடைக்காரர் முருகேசன் செய்தித்தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பைபாஸ் ரோட்டில் ஏற்கெனவே இருக்கிற சினிமா வளாகத்துக்கு நேர் எதிரே இன்னொரு வளாகம் கட்டப்போகிறார்களாம்.

“கிறுக்குப் பிடிச்சிருக்காம்மா இவங்களுக்கு? மதுரையில வேற எடமா இல்ல? ஒருத்தன் கடை போட்ட எடத்துக்கு எதிர்லயே போயிக் கட்டுறானே, ரெண்டு பேருமில்ல சாகணும்?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் இதே கேள்வியைக் கேட்டு நானும் அழுதிருக்கிறேன். அந்தக் கதையைக் கடையில் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன். எண்ணெய் வாங்க வந்தவர்கூட கேனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “இத அப்படியே எழுதிருங்கம்மா” என்றார் முருகேசன். எழுதிவிட்டேன்.

என் பெயர் சகுந்தலா. திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடிப் பக்கம் இருந்த கோமளா தியேட்டரில், பெண்கள் கவுண்ட்டரில் டிக்கெட் கொடுத்தவள். செல்லூரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தேன். வீட்டில் சௌராஷ்டிரம், வெளியே தமிழ். கல்யாணமாகி, கணவருக்குச் சாயப்பட்டறை வேலை போதாமல் போனபோது, தெரிந்தவர் ஒருவர் இந்த வேலையைச் சொன்னார். “சினிமாக் கொட்டகை வேலைக்கா போகப் போறே?” என்று என் மாமியார் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மூன்றாவது மாதம் புதுப்படம் வந்தது. பாஸ் கிடைக்குமா என்று அவரே வந்து கேட்டார். வீட்டுப் பிரச்சினை அதோடு முடிந்தது.

பெண்கள் கவுண்ட்டர் என்றால் ஓர் ஆள் உட்காரும் அறை. முன்சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. வெளியே இரும்புக் குழாய் அடித்த ஒற்றை வரிசை. மேனேஜர் முதல் மணி அடித்தால் வரிசை உள்ளே வரும். இரண்டாவது மணிக்குத்தான் ஓட்டையை மூடியிருக்கும் பலகையை நான் தூக்க வேண்டும். ஒரு கைக்கு நாலு டிக்கெட்டுக்கு மேல் கிடையாது. குழந்தை இடுப்பில் இருந்தால் வரிசையில் முன்னால் விடலாம், ஆனால் அதே குழந்தை வேறு இடுப்பில் மறுபடி வந்தால் விடக்கூடாது. பல பேர் முகம் எனக்குத் தெரியாது, கைதான் தெரியும். நகக்கண்ணில் சாயம் ஏறியிருந்தால் செல்லூர். கையோடு மல்லிகை வாசம் வந்தால் பூ கட்டுகிற வீடு. நாற்று நட்டு வெடித்த விரல் என்றால் பரவை, சமயநல்லூர்ப் பக்கம்.

எங்கள் மேனேஜர் பெயர் தங்கராசு. முழுக்கைச் சட்டை, வியர்வைக்காகக் காலருக்குள் மடித்து வைத்த கைக்குட்டை. அவருடைய அறையில் நல்ல நாற்காலி ஒன்று இருந்தது. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் வாசலில்தான் நிற்பார். யார் எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான்.

“பாத்ததா, கேட்டதா?”

கேட்டது என்று சொன்னால் தீர்ந்தது. “போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க” என்று அனுப்பிவிடுவார். கத்திப் பேச மாட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்தே தியேட்டரில் யாரும் புரளி பேச மாட்டோம்.

எதிரே மரக்கடை இருந்த இடத்தில் தியேட்டர் வரப்போகிறது என்ற செய்தியைத்தான் முதலில் அவரிடம் கொண்டுபோனேன். கேட்டதா என்றார். கேட்டதுதான் சார் என்றேன். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நான் பாத்துட்டேன்மா. அஸ்திவாரத்துக்குக் கோடு போட்டுட்டாங்க” என்றார்.

அன்றைக்குக் கவுண்ட்டருக்குள் உட்கார்ந்து அழுதேன். திண்டுக்கல் ரோடு எம்புட்டு நீளம்! எங்கள் வாசலுக்கு எதிரே வந்துதான் கட்ட வேண்டுமா?

பூமி பூஜை அன்று மேனேஜர் பழத்தட்டோடு ரோட்டைக் கடந்து போனார். எங்கள் ஆட்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆப்பரேட்டர் கனகு அண்ணன், படம் ஓட்டுகிறவர், ரொம்ப ரோஷக்காரர். “நம்ம கழுத்துக்குக் கத்தி தீட்டுறவனுக்கு மாலை போட்டுட்டு வாராரே!” என்று புரொஜெக்டர் அறையிலிருந்தே கத்தினார்.

சுகந்தி தியேட்டர் திறந்தது. குளிர்சாதனம், மெத்தை நாற்காலி, புதுத் திரை. எங்கள் கோமளாவில் மின்விசிறி சுற்றும் சத்தத்தில் வசனம் பாதி கேட்காது. முதல் இரண்டு மாதம் என் ஓட்டைக்குள் வந்த கைகளை எண்ணிவிடலாம். எங்கள் முதலாளி கோபக்காரர், ஆனால் மனசில் வஞ்சம் வைக்காதவர். ஒருநாள் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, “தை பொறக்கட்டும். பொங்கப் படமும் படுத்துச்சுன்னா இத கல்யாண மண்டபமா மாத்திருவேன். சொல்லலேன்னு யாரும் வருத்தப்படாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். மண்டபத்தில் டிக்கெட் கொடுப்பவளுக்கு என்ன வேலை? தாம்பூலப் பைதான் கொடுக்க வேண்டும்.

சுகந்தியிலும் பெண்கள் கவுண்ட்டர் ரோட்டைப் பார்த்துத்தான் இருந்தது. என் ஓட்டை வழியே பார்த்தால் நேர் எதிரே அந்த ஓட்டை. அதற்குள் பேச்சியம்மாள் என்று ஒரு பெண். உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம், என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். முதலில் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டோம். நான் ஓட்டைப் பக்கம் வந்தால் அவள் திரும்பிக்கொள்வாள். அவள் தண்ணீர் பிடிக்க வந்தால் நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

எங்களைப் பேசவைத்தது பரவையிலிருந்து வந்த ஒரு குடும்பம். அன்று ஞாயிறு, அதிசயமாக எங்களுக்குக் கூட்டம். நான் பலகையை இறக்கிவிட்டேன். மூன்று பிள்ளைகளோடு வந்தவள் குழாயைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணுகூட இல்லையாக்கா? பிள்ளைக ஒரு வாரமா உசிர எடுக்குதுக” என்று நின்றாள். கடைசிப் பிள்ளை அழத் தயாராக உதட்டைப் பிதுக்கியது. எனக்கு என்ன தோன்றியதோ, பின்கதவைத் திறந்து வெளியே வந்து, எதிர் ஓட்டையைப் பார்த்து நாலு விரலைக் காட்டினேன். பேச்சி வெளியே வந்து ஒரு நொடி முறைத்தாள். பிறகு அவளும் நாலு விரலைக் காட்டித் தலையை ஆட்டினாள்.

“எதுத்தாப்புல போங்க, டிக்கெட் இருக்கு” என்றேன்.

“அங்க என்ன படம்க்கா?”

“யாருக்குத் தெரியும்? படந்தான்!”

பிள்ளைகள் அந்தப் படம் இந்தப் படம் என்று பார்க்கவில்லை. ரோட்டைக் கடந்து ஓடின. மறுநாள் பேச்சி தண்ணீர்ச் செம்போடு வந்து, “அக்கா, நேத்து நீங்க அனுப்புனதுக்கு இன்னைக்கு நான் அனுப்புவேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடியே அனுப்பினாள். அதற்குப் பிறகு எங்கள் விரல்கள் நாள் முழுக்க ரோட்டுக்கு மேலே பேசிக்கொண்டே இருந்தன.

பிறகு ஒன்று என் கண்ணில் பட்டது. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதுவும் முன்பு வராத ஊர்க்காரர்கள். மேனேஜரிடம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டவர், “ஒரு மாசத்துக்கு வரிசைல நிக்கிற ஒவ்வொருத்தரையும் ரெண்டு கேள்வி கேளும்மா. எந்த ஊரு? எந்தப் படத்துக்குன்னு வீட்டுல இருந்து கெளம்புனீங்க?” என்றார்.

கேட்டேன். கிடைத்த பதில்கள் என்னைத் திகைக்க வைத்தன.

“எந்தப் படம்னு எல்லாம் கெளம்பலத்தா. படத்துக்குப் போவோம்னு கெளம்புனோம். எறங்கிப் பாத்துக்குவோம்” என்றார் சமயநல்லூர்ப் பாட்டி ஒருவர்.

“முன்னாடி எல்லாம் வரமாட்டோம்க்கா. பஸ் ஏறி வந்து டிக்கெட் இல்லேன்னா பிள்ளைகள இழுத்துக்கிட்டுத் திரும்பணும். இப்பத்தான் ரெண்டு இருக்கே. ஒண்ணுல இல்லாட்டி ஒண்ணுல கெடைக்கும்ல?” என்றாள் பரவைக்காரி ஒருத்தி.

இன்னொருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். “அவருக்குச் சண்டைப் படம், எனக்குக் குடும்பப் படம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதுக்கே சண்டை. இப்ப அவரு அங்கிட்டு, நான் இங்கிட்டு. விட்டதும் டீக்கடைல சேந்துக்குவோம்.” அவர்கள் டீக்கடையில் சேர்ந்து வடை தின்றதை நானே பார்த்தேன். புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி இருந்தார்கள்.

பஸ் கண்டக்டர்கள்கூட மாறிவிட்டார்கள். முன்பு எங்கள் வாசலில் நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். இப்போது, “ரெண்டு தியேட்டர் எல்லாம் எறங்கு!” என்று அவர்களே விசில் ஊதி நிறுத்தினார்கள்.

இதையெல்லாம் மேனேஜரிடம் சொல்லி, “இது எல்லாம் பாத்தது சார்” என்றேன். முதல் தடவையாக அவர் சிரித்தார். “முதலாளிகிட்ட நான் சொன்னா, தோத்தவன் சாக்குச் சொல்றான்னு நெனப்பாரு. அவரு கண்ணால பாக்கணும். வரட்டும், ஒரு நாள் வரும்.”

அந்த நாள் பொங்கலன்று வந்தது.

அந்தப் பொங்கலுக்குப் பெரிய கதாநாயகனின் படம். கேட்டவர்கள் அதிகம் என்பதால் விநியோகஸ்தர் இரண்டு தியேட்டருக்கும் அதே படத்தைக் கொடுத்திருந்தார். ஆளுக்கொரு படப்பெட்டி. காலை பத்தரைக்கு எங்களுக்கு முதல் காட்சி, பதினொன்றுக்கு அவர்களுக்கு. எட்டு மணிக்கே ரோடு நிறைந்துவிட்டது. கரும்பும் கொடியும் மேளமுமாக ரசிகர்கள்.

ஒன்பதரைக்குப் பேச்சி வெளியே வந்து, என் ஓட்டையைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தாள். அப்படி ஒரு சைகை எங்களுக்குள் கிடையாது. முகம் வெளுத்திருந்தது. நான் மேனேஜரிடம் ஓடினேன். அதற்குள் சுகந்தி மேனேஜரே வந்துவிட்டார். அவர்களுடைய பெட்டி தவறுதலாகத் தேனிக்குப் போய்விட்டதாம். திரும்பி வர மாலையாகும். உள்ளே ஆட்கள் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

கனகு அண்ணனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். “நல்லா வேணும். இன்னைக்கோட கதை முடிஞ்சது.”

மேனேஜர் கண்ணை மூடினார். எனக்குத் தெரியும், யோசிக்கிறார். திறந்ததும் சுகந்தி மேனேஜரிடம், “பதினொண்ணே காலுக்கு ஆரம்பிங்க. எங்க ரீல் ஓட ஓட உங்களுக்கு வரும்” என்றார். பிறகு விநியோகஸ்தருக்குப் போன் போட்டு அனுமதி வாங்கினார். முதலாளிக்குப் போட்டார். வீட்டில் பொங்கல் வைத்துக்கொண்டிருப்பதாகவும், கூப்பிட முடியாது என்றும் பதில் வந்தது. “சரி, நானே பாத்துக்கிறேன்” என்று போனை வைத்தார்.

கனகு அண்ணன் விடவில்லை. “சார், எதிரிக்குப் போயி...”

“கனகு, அங்க கண்ணாடி ஒடைஞ்சா இந்த ஸ்டாப்புல நாளைக்கு ஒரு பொம்பள பிள்ளையோட எறங்குவாளா? கல்லெறியிற எடம்னு பேராயிடும். அந்தப் பேரு அவங்களுக்கு மட்டுமா?”

அண்ணன் மாடிக்குப் போய் முதல் ரீலை மாட்டினார்.

முறை இதுதான். ஒரு படம் பதினைந்து ரீல். ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம் ஓடும். எங்களிடம் ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்றி, தகர டப்பாவில் போட்டு, மூடிமேல் எண்ணைப் பார்த்து அனுப்ப வேண்டும். முக்கால் மணி நேர இடைவெளி இருப்பதால், அவர்கள் ஆரம்பிக்கும்போது மூன்று ரீல் கைவசம் இருக்கும். அதற்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு ஒன்று போய்க்கொண்டே இருந்தால் போதும். ரோட்டின் அகலம் முப்பது அடிதான்.

ஆனால் அந்த முப்பது அடியில் பொங்கல் கூட்டம் நின்றது. முதல் நாலு டப்பாவை எங்கள் சைக்கிள் ஸ்டாண்ட் செல்வம் அண்ணன் சைக்கிளில் எப்படியோ கொண்டுபோய்விட்டார். ஐந்தாவதில் ரசிகர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. “தலைவர் இதுக்குள்ளதான்டா இருக்காரு!” என்று சைக்கிளை மறித்து, டப்பாவுக்கு மாலை போட்டு, சூடம் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். “டேய், ஃபிலிம்டா! பத்திக்கிடும்டா!” என்று அண்ணன் டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினார். யாருக்குக் கேட்டது? மேளம் அடித்துக்கொண்டே அவரைச் சுற்றி ஆடினார்கள்.

அங்கே திரை வெள்ளையாகிவிட்டது. நாற்காலிகளைத் தட்டும் சத்தம் ரோட்டுக்கே கேட்டது. சுகந்தி மேனேஜர் வாசலில் தலையில் கை வைத்து நின்றார்.

அப்போது பேச்சி கவுண்ட்டரிலிருந்து வெளியே வந்தாள். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டே கூட்டத்துக்குள் நுழைந்தாள். “அண்ணே, இங்கிட்டுக் குடுங்க” என்று செல்வம் அண்ணன் கையிலிருந்து டப்பாவை வாங்கி, மாலையோடு தலையில் ஏற்றினாள்.

“தள்ளுங்கய்யா! உங்க தலைவருக்கு வழி விடப் போறீகளா, இல்ல இப்படியே நடுரோட்டுல நிறுத்தப் போறீகளா?”

ஒரு நொடி மேளம் நின்றது. பிறகு கொடி பிடித்திருந்த ஒருவர், “ஏய் மாப்ள, அக்கா வாராங்க, வழி விடுங்கடா!” என்று கத்தினார். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. பேச்சி வயல் வரப்பில் நடப்பது போல நேராக நடந்து சுகந்திக்குள் போனாள்.

அடுத்த ரீலுக்கு நான் தயாரானேன். எனக்குத் தலைச்சுமை பழக்கமில்லை. குடம் தூக்குவது போல இடுப்பில் வைத்துக்கொண்டேன். நடு ரோடு வரை நான், அங்கிருந்து பேச்சி. இரண்டு பக்கமும் ரசிகர்களே கை கோத்து வழி அமைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு டப்பாவுக்கும் விசில், மேளம். ஒருவர் என் கழுத்தில்கூட மாலை போடப் பார்த்தார். வாழ்க்கையில் எனக்காக அம்புட்டுப் பேர் கைதட்டியது அன்றைக்குத்தான்.

ஏழாவது ரீல் நேரத்தில் முதலாளியின் கார் வந்து நின்றது. பட்டு வேட்டியோடு இறங்கினார். இடுப்பில் டப்பாவோடு நடுரோட்டில் நிற்கும் என்னைப் பார்த்தார். “என்னய்யா நடக்குது? யாரக் கேட்டு எம் படத்த எதுத்தவனுக்குத் தூக்கிக் குடுக்குறீங்க?”

மேனேஜர் கைகட்டி வந்து நின்றார். “தப்புன்னா என்னைய அனுப்பிருங்க முதலாளி. அதுக்கு முன்னாடி ஒரு பஸ்ஸு வருது, அத மட்டும் பாருங்க.”

சோழவந்தான் பஸ் வந்தது. ஐம்பது அறுபது பேர் பொலபொலவென்று இறங்கினார்கள். இடது பக்கம் பார்த்தார்கள், வலது பக்கம் பார்த்தார்கள். வரிசையின் நீளத்தைப் பார்த்து ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள்.

“இவங்க நமக்கு வந்தவங்களா, அவங்களுக்கு வந்தவங்களா முதலாளி?”

முதலாளி இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த பஸ் வந்தது. அதையும் பார்த்தார். எங்களிடம் இடம் கிடைக்காதவர்கள் அங்கே போவதையும், அங்கே வரிசை பெரிதென்று இங்கே வருவதையும் பார்த்தார். அவர் முகம் இளகுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இடுப்பில் டப்பா இருப்பதையே மறந்துவிட்டேன்.

சட்டென்று என் பக்கம் திரும்பினார். “ஏம்மா மரமா நிக்கிற? அங்க படம் நின்னுரப் போகுது. ஓடும்மா!”

அவர் போட்ட சத்தத்தில் ஓடினேன். அடுத்த நடைக்கும் ஓடினேன். பேச்சியும் ஓடினாள். அந்தச் சந்தோஷத்தில்தான் என் தவறு நடந்தது. தாமதத்தை ஈடுகட்ட இரண்டு டப்பாவாகக் கொடுத்தபோது எண்ணைப் பார்க்காமல் ஒன்பதை மேலேயும் எட்டைக் கீழேயும் வைத்துவிட்டேன். அங்கே அவசரத்தில் மேலே இருந்ததை ஓட்டிவிட்டார்கள். ஒன்பதாவது ரீலில் கதாநாயகியின் தாத்தா இறந்துபோகிறார். அடுத்ததாக எட்டு ஓடியது. தாத்தா ஈஸிசேரில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்.

சுகந்திக்குள் எல்லாரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்களாம். பிறகு ஒரு குரல், “டேய், தாத்தா பொழச்சுக்கிட்டாருடா!” என்றதாம். தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. அந்தச் சத்தம் ரோடு வரை வந்தது. ஏதோ கலவரம் என்று பயந்து நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால், எல்லாரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் அவர்களுடைய பெட்டி வந்து எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஆனால் அடுத்த ஒரு வாரம் பேச்சியின் ஓட்டையில், “தாத்தா பொழைக்கிற படம் இங்கதானக்கா?” என்று கேட்டபடி கைகள் நுழைந்தன.

மேனேஜரிடம் போய்த் தவறை ஒப்புக்கொண்டேன். எண்ணைப் பார்க்காதது தவறுதான், இனிமேல் பார் என்றார். அவ்வளவுதான். மண்டபப் பேச்சை முதலாளி மறுபடி எடுக்கவே இல்லை. மாட்டுப் பொங்கலன்று சுகந்தி முதலாளி எங்கள் முதலாளியின் வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வந்தார் என்று கனகு அண்ணன் சொன்னார். அதன்பின் இரண்டு மேனேஜர்களும் உட்கார்ந்து பேசி, ஒரே நேரத்தில் இரண்டு கூட்டமும் ரோட்டுக்கு வராதபடி காட்சி நேரத்தை மாற்றி அமைத்தார்கள். ஒரே மாதிரிப் படம் இரண்டிலும் வேண்டாம் என்றும் முடிவு செய்தார்கள். வடைக்கடை மூன்றானது. பூக்காரிகள் வந்தார்கள். எங்கள் தியேட்டரிலும் மெத்தை நாற்காலி வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் கழித்து, எங்கள் இரண்டுக்கும் பக்கத்தில் பவித்ரா என்று மூன்றாவது தியேட்டர் வந்தது. இந்தத் தடவை யாரும் அழவில்லை. தங்கராசு சார் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போயிருந்தார். செய்தி கேட்டு அவர் சந்தோஷப்பட்டதாகக் கடிதம் வந்தது.

முழங்கால் வலி வந்து நானும் வேலையை விட்டேன். கடைசி நாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், பேச்சி லீவு போட்டுவிட்டு வந்தாள். “அக்கா, இத்தன வருசத்துல எழுத்துப் போடுறதுல இருந்து வணக்கம் போடுற வரைக்கும் ஒரு படம் முழுசாப் பாத்திருக்கமா? வாங்க, இன்னைக்கு டிக்கெட் வாங்கிப் பாப்போம்.”

முதலில் கோமளாவுக்குப் போனோம். என் இடத்தில் புதிதாக வந்திருந்த பெண் உள்ளேயிருந்து, “ஹவுஸ்ஃபுல்க்கா, தப்பா நெனச்சுக்காதீங்க” என்றாள். ரோட்டைக் கடந்து சுகந்திக்குப் போனோம். அங்கேயும் பலகையை இறக்கிவிட்டார்கள். பேச்சி வேலை பார்க்கிற இடம், கேட்டால் நாற்காலி போட்டுக்கூட உட்காரவைப்பார்கள். அவள் கேட்கவில்லை. இரண்டு பேரும் நடுரோட்டில் நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

பவித்ராவில் டிக்கெட் இருந்தது. பின்வரிசையில் ஓரமாக இரண்டு இடம். பேச்சி வாசலிலேயே முறுக்கு வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் உட்கார்ந்து, விளக்கு அணைந்து, திரையில் எழுத்து ஓட ஆரம்பித்த பிறகுதான், என்ன படம் என்று இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம்.